அவரு குடிக்கிறவரு இல்லீங்க

எண்பதுகளின் பிற்பகுதி. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த ஒரு வாரம். சென்னையில் வேதியியலில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நான், மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்திருந்தேன். கச்சிராயபாளையத்திலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே தள்ளி, கல்வராயன் மலை கண்ணெதிரே நிற்கும் சின்ன ஊர் எங்களுடையது. அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தார்.

விடுமுறைக்கு வரவில்லை. ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வந்திருந்தேன்.

என் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை நம் உடம்பில் ஒரு வேதிப்பொருள் சுமந்துபோகிறது. செய்தி சேர்ந்ததும் அந்தப் பொருளை உடைத்துச் சுத்தம் செய்ய ஒரு நொதி இருக்கிறது. வயதானவர்களுக்கு வரும் மறதி நோயில், மூளையில் அந்தச் செய்திப்பொருள் குறைந்துபோகிறது. நொதியை லேசாகத் தடுத்து வைத்தால், இருக்கிற கொஞ்சமாவது கூடுதல் நேரம் தங்கும். அப்படித் தடுக்கக்கூடிய சின்னச் சின்ன மூலக்கூறுகளைக் காகிதத்தில் வரைந்து, பிறகு குடுவையில் செய்து பார்ப்பதுதான் மூன்று வருடமாக என் பிழைப்பு.

பத்தொன்பது செய்திருந்தேன். அதில் பாதி குடுவையிலேயே தார் மாதிரி ஆகிவிட்டது. மீதியில் சில, நொதியைத் தொடவே இல்லை. மற்றவை தொட்டன, ஆனால் பிடித்த பிடியை விடவில்லை. பிடித்ததை விடாவிட்டால் அது மருந்தில்லை, விஷம். பத்தொன்பதாவதும் அப்படியே ஆனபோது பெட்டியைக் கட்டிவிட்டேன். உள்ளூரிலேயே ஒரு டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, உனக்குத் தெரியாததா, உன் இஷ்டம் என்றார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை ஊரே நின்றுபோயிருந்தது. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மரம் விழுந்ததில் தந்திக் கம்பியும் அறுந்து, போஸ்டாபீஸ் போன் செத்துக் கிடந்தது. எங்கள் ஊர்ப் பிரிவுச் சாலையில் மறியலுக்கு முன்னால் நின்றவர் என் பெரியப்பா மகன். என்னைவிட இரண்டு வயது பெரியவர். பத்தாவதோடு படிப்பு நின்று, ஏர் ஓட்டப் போனவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போனேன். எங்கள் கொல்லைக்கு அடுத்தது வேறொருவரின் பருத்திக் கொல்லை. அதில் பூச்சிமருந்து அடிக்க மலையிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் இறங்கி வந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ரோடு மறித்த பிறகும் திரும்பிப் போகாமல் கொல்லையிலேயே தங்கியிருந்தார்கள்.

வரப்போரம் வேப்பமரத்தடியில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதைவிடச் சாய்ந்து கிடந்தார் என்று சொல்லலாம். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வாயிலிருந்து எச்சில் ஒழுகி, சட்டையெல்லாம் நனைந்து, பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தார். களை வெட்ட வந்த நாலைந்து பேர் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மலைச் சரக்கு, காலையிலேயே ஏத்திக்கினாரு என்றார் ஒருவர். மலையில் சாராயம் காய்ச்சுவது ஊரறிந்த சங்கதி. மலைக்காரர் ஒருவர் தள்ளாடினால் அதற்கு மேல் யாரும் காரணம் தேடுவதில்லை.

நானும் தேடவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு, முந்தானையை இழுத்துப் பிடித்துத் தாண்டிப் போனேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

பத்தடி போயிருப்பேன். அந்த ஆளின் மனைவி என் பின்னாலேயே வந்தாள். என் வயதுதான் இருக்கும். உதவி கேட்கவில்லை, அழவில்லை. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அவரு குடிக்கிறவரு இல்லீங்க, யக்கா. தொட்டதே இல்ல. நேத்திலேருந்து மருந்தடிச்சிக்கினு இருந்தாரு. காலையில குழா அடைச்சிக்கிச்சின்னு வாயால ஊதினாரு. அப்பறந்தான் கண்ணு மங்குதுன்னு சொன்னாரு."

வாயால ஊதினாரு என்ற சொல்லில் என் கால் நின்றுவிட்டது.

பருத்திக்கு அடிக்கும் அந்த மருந்து பூச்சியைக் கொல்வது எப்படி? நான் மூன்று வருடமாகக் கட்டி அழுத அதே நொதியைப் பிடித்துக்கொண்டுதான். மனிதனுக்குள் போனாலும் அதையேதான் செய்யும். நொதி நின்றுபோனால் செய்திப்பொருள் தேங்கிப்போகும். உமிழ்நீர் கொட்டும், கண்ணீர் வழியும், வயிறு கலங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நின்றுவிடும். இதையெல்லாம் என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்கென்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் குடிகாரன் என்று தாண்டி வந்திருக்கிறேன்.

ஓடிப்போய் அவர் கண்ணிமையை விலக்கிப் பார்த்தேன். கருமணி கடுகைவிடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. கன்னத்தில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் தசை துடித்தது. நெஞ்சுக்குள் கொறகொறவென்று சத்தம். களை வெட்ட வந்த ஒருவர் மோர் கொண்டு வந்து வாயில் ஊற்றப் போனார். புரையேறிவிடும் என்று தட்டிவிட்டேன். கூப்பிட்ட குரலுக்கு அப்பா ஓடி வந்தார். சட்டை, வேட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். பம்ப்செட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டு அவர் உடம்பைக் கழுவினோம். ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அந்தப் பெண்ணையும் முழங்கை வரை கழுவச் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள்.

கரும்புக்கட்டு ஏற்றும் மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவரைப் படுக்க வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினோம். இரண்டு மைலுக்கு உள்ளேதான். ஆனால் பிரிவுச் சாலையில் மரம் குறுக்கே கிடந்தது. அண்ணனும் இருபது முப்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எந்த வண்டியும் போகக்கூடாது என்பது முடிவு. சாராயக் கேஸுக்கெல்லாம் வழி விட முடியாது என்று ஒருவர் சத்தம் போட்டார்.

நான் அண்ணனிடம் விளக்கவில்லை. வண்டியில் ஏறி அந்த ஆளின் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். ஏறிப் பார்த்தார். வாயருகே குனிந்து மோந்தார். இறங்கும்போது முகம் மாறியிருந்தது.

"சாராய நாத்தம் இல்லடா. மருந்து நாத்தம். புடிங்கடா எல்லாரும்."

வண்டி மரத்தைத் தாண்டாது. எட்டுப் பேர் ஆளை வைக்கோலோடு தூக்கி, கிளைகளுக்கு மேலே கைமாற்றி, அந்தப் பக்கம் இறக்கினார்கள். மறியல்காரர்களுக்குச் சோறு கொண்டுவந்த கட்டை வண்டி ஒன்று அங்கே நின்றது. அதில் ஏற்றிக்கொண்டு போனோம்.

சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை. அவர் கள்ளக்குறிச்சியில் இருந்து வருகிறவர், மூன்று நாளாக வர முடியவில்லை. நர்ஸம்மா மட்டும் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேல். நோயாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அலமாரியைத் திறந்து அட்ரோபின் ஊசி மருந்தை எடுத்தார். எங்கள் பக்கத்தில் இதே பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். முதல் ஊசி போட்டார். சில நிமிஷம் கழித்து இரண்டாவது. வாய் காயவில்லை. மூன்றாவது.

"வாயும் நெஞ்சும் காயுற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும். மொத்தமே ஒம்போதுதான் இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னார். டாக்டர் இல்லாமல் தன் பொறுப்பில் இவ்வளவு போட்டதில்லை என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே நான்காவதை உடைத்தார்.

கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. பதினைந்து கிலோமீட்டர். ரோட்டில் அஞ்சாறு இடத்தில் மரம். ஆளைத் தூக்கிக்கொண்டு போனால் வழியிலேயே மூச்சு நின்றுவிடும் என்றார் நர்ஸம்மா. மருந்துதான் இங்கே வர வேண்டும்.

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னா வேணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க என்றார். நர்ஸம்மா நோயாளியின் நிலை, இதுவரை போட்ட ஊசி, வேண்டிய மருந்து எல்லாம் எழுதினார். இன்னொரு மருந்தும் இருந்தால் அனுப்பச் சொல்லி அதன் பெயரை நான் கடைசி வரியில் சேர்த்தேன். அண்ணன் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். ஒவ்வொரு மறியலிலும் ஒரு புது ஆள், புது சைக்கிள். அடுத்த மரம் வரை ஒருவர் மிதித்துக் கொடுக்க, அங்கே தயாராக இருப்பவர் வாங்கிக்கொண்டு மிதிப்பது என்று ஏற்பாடு. அன்றைக்கு அந்த ரோட்டில் போக முடிந்தவர்கள் அதை மறித்தவர்கள் மட்டுந்தான்.

அடுத்த மூன்று மணி நேரத்தை நான் எப்படிச் சொல்ல? நர்ஸம்மா ஊசியைச் சிக்கனமாக, ஆனால் தேவைப்பட்டபோது தயங்காமல் போட்டார். நான் நாடியை எண்ணினேன், கண்மணியைப் பார்த்தேன், வாயில் சேர்ந்த நுரையைத் துணியால் துடைத்தேன். அவர் மனைவி காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை என்னிடம், யக்கா, உள்ளார இன்னா நடக்குது என்று கேட்டாள். செய்தி, அதைத் துடைக்கிற வேலைக்காரன், அந்த வேலைக்காரனின் கையைக் கட்டிப்போட்ட பூச்சிமருந்து என்று எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், அப்போ அந்தக் கட்ட அவுக்கிறதுக்கு ஒண்ணுமில்லையா என்றாள்.

இருக்கிறது என்றேன். சீட்டின் கடைசி வரியில் நான் எழுதியது அதைத்தான்.

ஒன்பதாவது ஊசியும் தீர்ந்தது. மூச்சு மறுபடி கனக்க ஆரம்பித்தது. நர்ஸம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது வெளியே சைக்கிள் மணிச் சத்தம். ஒன்றல்ல, ஏழெட்டு சைக்கிள். முன்னால் வந்ததில் கேரியரில், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, பையைக் கட்டிப் பிடித்தபடி பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரே உட்கார்ந்திருந்தார். சீட்டைப் படித்தவர் மருந்தை மட்டும் அனுப்ப மனசு வராமல் தானும் கிளம்பிவிட்டாராம். ஒவ்வொரு மரத்திலும் அவரைத் தூக்கித்தான் அந்தப் பக்கம் இறக்கியிருக்கிறார்கள். சட்டையெல்லாம் புளிய இலை.

பையிலிருந்து அட்ரோபின் பெட்டிகளை எடுத்து வைத்தார். அதற்கடியிலிருந்து நான் கேட்டிருந்த மருந்து நாலு ஊசிக்குப்பி. இதை யார் எழுதியது, நீங்கள் நர்ஸா என்று என்னிடம் கேட்டார். கெமிஸ்ட்ரி என்றேன். சரி, இந்தக் கையைப் பிடியுங்கள் என்று சொல்லி மருந்தை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றத் தொடங்கினார்.

அந்த மருந்தின் உருவத்தை நான் பரீட்சைக்காக எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஓர் அறுகோணம், ஒரு மூலையில் சின்ன வால், அவ்வளவுதான். காட்டுச் செடியில் கிடைத்ததல்ல அது. எங்கேயோ யாரோ மேசை முன்னால் உட்கார்ந்து, நொதியின் குழிக்குள் எது போய் உட்காரும், விஷத்தின் பிடியை எது கழற்றும் என்று யோசித்து, வரைந்து, குடுவையில் செய்து, தோற்று, மறுபடி செய்து உண்டாக்கியது. காகிதத்தில் பத்து மதிப்பெண்ணாக இருந்த அந்தச் சின்ன மூலக்கூறு இப்போது என் கண்ணெதிரே ஒரு மனிதனின் ரத்தத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விஷம் ஏறி ஒரு நாள் கடந்துவிட்டால் இது பலிக்காது, நல்லவேளை என்றார் டாக்டர்.

கன்னத்துத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நெஞ்சின் கொறகொறப்பு குறைந்தது. நாலு மணி வாக்கில் டாக்டர், என் விரலைப் பிடி என்று அவரிடம் சொன்னார். பிடித்தார். பிடி உறுதியாக இருந்தது. வெயில் சாய்வதற்குள் கண்ணைத் திறந்து மனைவியைத் தேடினார். தொண்டை காயுது, தண்ணி குடு என்றார். நர்ஸம்மா அதுவரை நின்றுகொண்டே இருந்தவர், முதல் தடவையாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்தபோது சைக்கிள்காரர்கள் இன்னும் நின்றிருந்தார்கள். பிழைத்துக்கொண்டார் என்றதும் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் மட்டும் என் பக்கத்தில் வந்து, நீ இதைத்தான் மெட்ராஸில் படிக்கிறாயா என்று கேட்டார். ஆமாம், ஆனால் விட்டுவிடப் போகிறேன், மூன்று வருடமாக ஒன்றும் சரிவரவில்லை என்றேன். அவர் கோபமாகவே சொன்னார்.

"நம்ப புள்ளைங்களும் நாலெழுத்து படிக்கணும்னுதான் மூணு நாளா ரோட்ல குந்திக்கினு இருக்கோம். உள்ள போன நீ பாதியில எழுந்து வந்துட்டா, நாங்க இன்னாத்துக்கு குந்தறது?"

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மறியல் இடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். டீச்சர் வேலை வேறு யாருக்கோ கிடைத்தது, சந்தோஷம். அதுவரை என் மூலக்கூறு நொதியைப் பிடிக்கிறதா என்பதை மட்டுமே பார்த்து வரைந்துகொண்டிருந்தேன், விடுவது தானாக நடக்கும் என்று நம்பியிருந்தேன். இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை வேப்பமரத்தடியில் பார்த்தாயிற்று. என் வழிகாட்டியிடம் போய், பிடிப்பதை மட்டுமல்ல, விடுவதையும் சேர்த்து வரைய வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் வேலை செய்து, பிறகு தானாகவே நொதியை விட்டு வெளியேறும் மூலக்கூறு. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, செய்து பாரும்மா என்றார். மேலும் பன்னிரண்டு செய்தேன். கடைசியாக வந்தது வெள்ளைப் படிகமாக, ஊசி ஊசியாக இறங்கியது. சோதனைக் குழாயில் சொன்னபடி பிடித்தது, சொன்னபடி விட்டது. அன்றைக்கு ஆய்வகத்தில் தனியாக நின்று அழுதேன்.

அது மருந்துக் கடை வரை போகவில்லை. எலிகளின் ஈரலைக் கெடுத்தது. அங்கேயே நிறுத்திவிட்டோம். ஆனால் அதன் உருவத்தை வெளியிட்டிருந்தோம். சில வருடங்கள் கழித்து எங்கோ தூரதேசத்து ஆய்வகம் ஒன்று, ஈரலைக் கெடுத்த அந்த மூலையை வெட்டிவிட்டு, மீதியை வைத்து மேலே வேலை செய்திருந்ததைப் படித்தேன். எனக்கு முன்னால் யாரோ வரைந்ததை வைத்துத்தான் நானும் தொடங்கினேன். இந்த வேலை இப்படித்தான் நகர்கிறது என்று புரிந்த பிறகு தோல்வி என்னைப் பழைய மாதிரி உறுத்தவில்லை.

இரண்டு வருடம் கழித்து கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. அவள்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். புருஷன் நன்றாக இருக்கிறாராம். மருந்தடிக்கும் வேலையை விட்டுவிட்டு மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறாராம். ஆனால் மலையிலிருந்து யார் மருந்தடிக்கக் கீழே இறங்கினாலும் கூப்பிட்டு வைத்துச் சொல்கிறாராம். குழாய் அடைத்தால் ஈர்க்குச்சியால் குத்து, வாயை வைக்காதே, மூக்கில் துணியைக் கட்டு, காற்றுக்கு எதிரே அடிக்காதே. சொல்லிவிட்டுச் சிரித்தாள். "யாருனா சுருண்டு வுழுந்தா, சாராயம்னு சொல்றதுக்கு மின்ன கண்ணத் தொறந்து பாருங்கன்னும் சொல்றாருங்க யக்கா." நான் அவரைத் தாண்டிப் போனதை அவள் மறக்கவில்லை என்று புரிந்தது. ஆனாலும் குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

இப்போது என்னிடம் மாணவர்கள் படிக்கிறார்கள். முதல் நாள் வருகிறவர்களிடம் நான் மூலக்கூறு எதையும் வரைந்து காட்டுவதில்லை. தானே எழுதி வைத்திருந்த விஷக்குறிகளை எதிரில் பார்த்துவிட்டு, மலைக்காரர் என்பதற்காக அதைக் குடிபோதை என்று நினைத்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அந்தப் பெண் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் அந்த நொதியைப் படித்திருந்தேன், அவர் மனைவி அவரை அறிந்திருந்தாள். அன்று அவர் பிழைத்தது, நான் நின்று திரும்பி அவள் பேச்சைக் கேட்டதால்தான் என்பதை இன்றுவரை என் பட்டத்தைவிடப் பெரிய பாடமாக வைத்திருக்கிறேன்.